கப்சியூலா, முட்டித் தயிரா, கௌபியா? சீனி எல்லையில் நிற்பவர் எதைத் தெரிவது

வெறுவயிற்றுச் சீனி 100க்கும் 125க்கும் இடையில், எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.7க்கும் 6.4க்கும் இடையில் என்று றிப்போட் வந்தால், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலில் அது நீரிழிவுக்கு முந்திய நிலை. நம் பக்கத்தில் "சீனி எல்லையில நிக்குது" என்பார்கள். எல்லையில் நிற்கிறவர்கள் கொஞ்சநஞ்சப் பேரல்ல. 2018, 2019 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடந்த பெரிய ஆய்வொன்றில் வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. இன்னும் 30.5 வீதமானோர் இந்த முந்திய நிலையில் இருந்தார்கள். இரண்டையும் கூட்டினால், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர்.

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் ஓட்டோ ஓடும் என் மச்சானும் இப்போது அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார். வெறுவயிற்றில் 116, எச்பிஏ1சி 6.1. றிப்போட் வந்த கையோடு ஆளுக்கொரு யோசனை. கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், "எல்லாம் குடல் பக்டீரியாவிலதான் இருக்கு, நல்ல புரோபயோட்டிக் கப்சியூல் எடு" என்கிறான். உயிருள்ள பக்டீரியாவை அடைத்த கூடுதான் அது. மலத்தை அனுப்பிப் பக்டீரியாக் கணக்கெடுக்கும் கிட் ஒன்றைப் பற்றியும் சொல்கிறான். மாமிக்குக் கோபம்: "எருமைத் தயிர் இருக்கிற ஊரில கப்சியூல் எதுக்கு?" பக்கத்து வீட்டு ரீச்சர் கௌபியும் குரக்கனும் என்கிறார். பழஞ்சோறே போதும் என்று இன்னொருவர். சீனியை இறக்கும் மெட்ஃபோர்மின் குளிசையை மட்டும் ஒருவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை, அதைத் தொடங்கினால் ஆயுள் முழுக்க என்ற பயம்.

ஆளாளுக்குச் சொன்னாலும் இந்த யோசனைகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் குடல் நுண்ணங்கிகளைத் தொடுகின்றன, குளிசை உட்பட. மாதாந்தம் ஒதுக்கக்கூடிய காசு மட்டாக இருக்கிற வீட்டில் எதை முதலில் எடுப்பது என்பதே கேள்வி. அதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சோற்றின் மாப்பொருள் பெரும்பாலும் சிறுகுடலிலேயே குளுக்கோசாகி இரத்தத்துக்குப் போய்விடும். கௌபித் தோல், கீரைத் தண்டு, தவிடு போன்றவற்றை உடைக்க நம்மிடம் நொதியம் கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகின்றன. அங்கே இருப்பது பெருங்கூட்டம். 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவக ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள். மனிதக் கலங்கள் 30 இலட்சம் கோடிதான். பக்டீரியாக்களில் பெரும்பங்கு பெருங்குடலில். நாம் சமிக்காத நாரை அவை நொதிக்கச் செய்து, அசிற்றேற்று, புரோப்பியனேற்று, பியூற்றிரேற்று என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை வெளியிடுகின்றன.

இந்த மூன்றும் சும்மா கழிவல்ல. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்குப் பியூற்றிரேற்றுத்தான் முக்கிய எரிபொருள். அது குறைந்தால் சுவர் இளகும். இளகிய சுவரினூடாகச் சில பக்டீரியாக்களின் வெளியுறைத் துண்டுகள் இரத்தத்துக்குள் கசிந்து, உடல் முழுவதும் மெல்லிய அழற்சியைக் கிளப்பி, இன்சுலினின் பேச்சைக் கலங்கள் கேட்காமல் போகச் செய்யும். கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளில் இது நடப்பதை 2007இல் காட்டினார்கள். அப்புறம், இதே கொழுப்பமிலங்கள் குடல் சுவரில் இருக்கும் சில கலங்களைத் தட்டி, ஜிஎல்பி-1 என்ற ஓமோனைச் சுரக்க வைக்கின்றன. இன்சுலினைத் தூண்டுவதும் பசியை அடக்குவதும் அந்த ஓமோனின் வேலைகள். எடை குறைக்க வெளிநாட்டில் எல்லோரும் கேட்டு நிற்கும் செமாகுளுட்டைட் ஊசி அதைப் போலச் செய்யப்பட்டதுதான். அதற்காகக் கௌபி சாப்பிட்டால் ஊசி போட்ட மாதிரி என்று கணக்குப் போட வேண்டாம். உடல் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் உடைந்துபோகும். ஊசி மருந்து ஒரு கிழமைக்கு நின்று வேலை செய்யும்.

இந்தத் துறையில் எலியின் கதை அதிகம், மனிதனின் கதை குறைவு. 2004இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் நுண்ணங்கிகளைக் கொடுத்தார்கள். இரண்டு கிழமைக்குள் உடற்கொழுப்பு ஏறத்தாழ 60 வீதம் கூடியது, அவை முன்னைவிடக் குறைவாகத் தின்றும்கூட. 2013இல் அதே குழு, ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிவாகவும் இருந்த இரட்டையரின் நுண்ணங்கிகளை எலிகளுக்கு மாற்றியது. பருத்தவரின் நுண்ணங்கிகளைப் பெற்ற எலிகளில் கொழுப்பு கூடியது. இதைப் படித்துவிட்டுத்தான் "குண்டாக்கும் பக்டீரியா" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. மனிதர்களிடம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இன்ன இரண்டு பக்டீரியாக் கூட்டங்களின் விகிதமே பருமனைத் தீர்மானிக்கிறது என்ற எளிய கதை நிற்கவில்லை.

நீரிழிவில் மட்டும் ஒரு தடயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. 2012இல் சீனாவிலும் அடுத்த ஆண்டு சுவீடனிலும் செய்த ஆய்வுகளில், இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்களிடம் பியூற்றிரேற்றுச் செய்யும் பக்டீரியாக்கள் குறைவாக இருந்தன. 2015இல் இன்னொரு குழு அந்தத் தரவுகளைத் திரும்பவும் அலசி, வித்தியாசங்களில் பல நோயால் வந்தவை அல்ல, மெட்ஃபோர்மினால் வந்தவை என்று கண்டது. மருந்தின் பங்கைக் கழித்த பிறகும் பியூற்றிரேற்றுக் குறைவு அப்படியே நின்றது. எனக்கு இதுதான் துருப்புச் சீட்டு. நாரைத் தின்று பியூற்றிரேற்றைத் தரும் கூட்டம் இளைத்துப்போயிருக்கிறது என்றால், புதிய கூட்டத்தை இறக்குவதா, இருக்கிற கூட்டத்துக்குச் சாப்பாடு போடுவதா? மேலே சொன்ன யோசனைகளை இந்த இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு வரும்.

புதிய கூட்டத்தை இறக்குவதில் உச்சமான வழி, மெலிந்த ஒருவரின் மலத்திலிருந்து நுண்ணங்கிகளை எடுத்து நோயாளியின் குடலுக்குள் விடுவது. ஆம்ஸ்டர்டாமில் வளர்சிதைக் கோளாறு (பருமனும் ஏறிய சீனியும் போன்றவை சேர்ந்த நிலை) உள்ள ஆண்களுக்கு இதைச் செய்து 2012இல் வெளியிட்டார்கள். ஆறு கிழமையில் இன்சுலினுக்கு உடல் கொடுக்கும் மதிப்புக் கூடியிருந்தது. பெரிய ஆரவாரம். அதே குழு ஐந்து ஆண்டு கழித்துப் பெரிய அளவில் செய்து, 18 கிழமை வரை பார்த்தது. அதற்குள் பலன் கரைந்துவிட்டது, பழைய குடல் பழையபடியே ஆகிவிட்டது. முழுக் கூட்டத்தையுமே மாற்றி வைத்தும் நிற்கவில்லை என்றால், ஒரு கூட்டுக்குள் அடைத்த நாலைந்து இனங்கள் எம்மாத்திரம்?

கப்சியூலைப் பற்றி நியாயமாகச் சொல்வதானால், அது வெறும் ஏமாற்று அல்ல. நீரிழிவுள்ளவர்களிடம் செய்த சிறிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வெறுவயிற்றுச் சீனியில் சிறியதொரு இறக்கம் தெரிகிறது. ஆனால் ஒவ்வோர் ஆய்விலும் ஒவ்வோர் இனம், ஒவ்வோர் அளவு, ஒவ்வொரு கால எல்லை. பார்மசியில் கிடைக்கும் போத்தலில் இருப்பது எந்த ஆய்வில் பரிசோதித்த இனம் என்று லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது லேசில்லை. 2018இல் வைஸ்மன் நிறுவகத்தார் ஆட்களின் குடலுக்குள் குழாய் விட்டே பார்த்தார்கள். சிலருடைய குடல் கப்சியூல் பக்டீரியாவை இருக்க விட்டது. வேறு சிலருடையது உள்ளே விட்டு மறுபக்கத்தால் வெளியே அனுப்பியது. அதே குழுவின் இன்னோர் ஆய்வில், அன்ரிபயோட்டிக் எடுத்த பிறகு புரோபயோட்டிக் கொடுத்தவர்களுக்குச் சொந்த நுண்ணங்கிகள் திரும்பி வருவது தாமதமானது. அன்ரிபயோட்டிக் குடித்தால் கூடவே புரோபயோட்டிக் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், குடல் வருத்தங்களிலேயே பெரும்பாலானவற்றுக்குப் புரோபயோட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை. சீனிக்கு என்று மாதாமாதம் பல ஆயிரம் ரூபா கொடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

அக்கர்மான்சியா என்ற பக்டீரியாவை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். 2019இல் பெல்ஜியத்தில் 32 பேரிடம் மூன்று மாதம் செய்த சிறு ஆய்வில், சூடாக்கிக் கொன்ற அக்கர்மான்சியா இன்சுலினுக்கு உடல் ஒத்துழைப்பதைக் கூட்டியது. உயிருள்ளதைவிடச் செத்தது நன்றாக வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை. இன்னும் பெரிய ஆய்வுகள் வரட்டும், பார்க்கலாம்.

இனி மாமியின் தயிர். படுவான்கரைப் பக்கம் வெல்லாவெளி, கரடியனாறு, அப்பால் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை என்று மாடும் எருமையும் நிற்கிற இடமெல்லாம் தயிர்தான். பாலை நன்றாகக் கொதிக்க வைத்து, விரல் சூடு தாங்கும் அளவுக்கு ஆறவிட்டு, முதல்நாள் தயிரில் கொஞ்சம் எடுத்து உறை விட்டு, மண் முட்டியில் ஊற்றி மூடி வைப்பார்கள். விடியும்போது முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டி. ஈரத்தின் ஒரு பங்கை மண் உறிஞ்சிவிடுகிறது. எருமைப் பாலில் கொழுப்பே பசுப்பாலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உறைந்த பிறகு சூடு காட்டாததால் பக்டீரியா உயிரோடுதான் இருக்கும். அந்த வகையில் முட்டித் தயிர் எந்தக் கப்சியூலுக்கும் சளைத்ததில்லை, விலையும் எத்தனையோ மடங்கு குறைவு.

தயிருக்கு ஆதாரமும் கொஞ்சம் உண்டு. கிழமைக்குக் குறைந்தது இரண்டு கப் யோகட் சாப்பிடுவது இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்தைக் குறைக்கலாம் என்று பொதிகளில் போட, 2024இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. கூடவே, ஆதாரம் மட்டுப்பட்டது என்ற வரியையும் போட வைத்தது. அந்த இரண்டாம் வரியை விளம்பரங்கள் மெதுவாக விழுங்கிவிடும். 2021இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நார் மிகுந்த உணவும், மற்றப் பகுதிக்கு யோகட், கெஃபிர், கிம்சி போன்ற நொதித்த உணவும் பத்துக் கிழமை கொடுத்தார்கள். நொதித்த உணவு சாப்பிட்டவர்களிடம் குடல் நுண்ணங்கிகளின் வகை பெருகியது, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ப் பகுதியில் வகை பெருகவில்லை. இது தயிர்க் கட்சிக்கு வெற்றி மாதிரித்தான் தெரியும். ஆனால் அவர்கள் சாப்பிட்டது நாளுக்கு ஆறு பரிமாறலளவு. அவர்கள் ஆரோக்கியமான ஆட்கள், அளந்தது அழற்சியை. ஆறு கோப்பை எருமைத் தயிர் சாப்பிட்டால் மச்சானின் இடுப்புப் பட்டி என்னாகும் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், நாம் தயிரைத் தனியாகச் சாப்பிடுவதே குறைவு என்பது. தயிரென்றால் மேலே சீனி, இல்லாவிட்டால் பாணி, கூடவே கதலிப்பழம். பக்டீரியா செய்கிற நல்லதைக் கரண்டி கரண்டியாக விழும் சீனி முதல் வாயிலேயே தின்றுவிடும். தயிர்ப் பக்டீரியாவும் கப்சியூலில் இருப்பதைப் போலத்தான், மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்த சனம் மாதிரி வந்து நின்று கலைந்து போய்விடும், குடியிருக்காது. தினமும் போனால்தான் தினமும் இருக்கும். ஆகவே என் கணக்கு: மத்தியானச் சோற்றோடு ஒரு சிறு கோப்பை, சீனியில்லாமல், வேண்டுமானால் உப்பும் வெங்காயமும் பச்சைமிளகாயும். அதுவும் வேறெதையாவது குறைத்துவிட்டு. இருக்கிற சாப்பாட்டுக்கு மேலே தயிர் என்றால் வேண்டாம்.

இருக்கிற கூட்டத்துக்குச் சாப்பாடு போடுகிற பக்கத்துக்கு வருவோம். நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான்.

வளர்ந்த ஒருவர் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்துச் சாப்பிட வேண்டும் என்பது 2023இல் உலக சுகாதார அமைப்பு சொன்ன அளவு. 2019இல் வந்த பெரிய தொகுப்பாய்வு, 25 முதல் 29 கிராம் சாப்பிடுகிறவர்களுக்கு நீரிழிவும் இருதய வருத்தமும் பெருங்குடல் புற்றுநோயும் குறைவாக வருவதைக் காட்டியது. இப்போது நம் தட்டைப் பாருங்கள். தீட்டிய வெள்ளைச் சோறு நூறு கிராமில் நார் அரைக் கிராம்கூட இல்லை. இரண்டு நேரம் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் அதிலிருந்து இரண்டு கிராம் தேறுவது கஷ்டம். அவித்த கௌபி நூறு கிராமில் ஏறத்தாழ ஆறரைக் கிராம். அவித்த பச்சைப்பயறிலும் கடலையிலும் ஏழரைக் கிராம் அளவில். கொய்யாப்பழத்தில் ஐந்து கிராமுக்கு மேல். ஒரு கோப்பை அவித்த கௌபியும் ஒரு பெரிய கொய்யாப்பழமும் 25 கிராமில் பாதியைத் தாண்டிவிடும். மிச்சத்தை முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும் பருப்பும் சிவப்பரிசியும் பார்த்துக்கொள்ளும். பாணும் பருப்பும் வெள்ளைச் சோறும் மீன் குழம்பும் என்று ஓடுகிற நாளில் அந்தப் பாதியைத் தொடுவதே பெரும்பாடு.

நீரிழிவுள்ளவர்களிடமே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2018இல் சீனாவிலிருந்து வெளிவந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு முழுத்தானியம், பலவகை நார் என்று விதவிதமாகக் கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு வழமையான ஆலோசனை. இரு பகுதியும் அக்கார்போசு என்ற மருந்தை எடுத்தன. 12 கிழமையின் முடிவில், நார்ப் பகுதியில் 89 வீதமானோரின் எச்பிஏ1சி 7க்குக் கீழே வந்தது. மற்றப் பகுதியில் 50 வீதம். குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலம் செய்யும் குறிப்பிட்ட சில இனங்கள் பெருகியவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. வெளியிலிருந்து ஒரு பக்டீரியாவும் கொடுக்கவில்லை. உள்ளே இருந்தவை சாப்பாடு கிடைத்ததும் தலையெடுத்தன. ஆய்வு சிறியதுதான், மருந்தும் கூட இருந்தது, ஆனாலும் கப்சியூல் ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால் இது எனக்குக் கனமாகத் தெரிகிறது.

கௌபியும் பயறும் சோளனும் கச்சானும் நம் மாவட்டத்து மேட்டு நிலங்களிலேயே விளைகின்றன, கனடாவிலிருந்து வர வேண்டியதில்லை. செய்வதும் லேசு. கௌபியை இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவும் கட்டச் சம்பலும் போட்டால், பாணையும் பணிஸையும் ஒருவரும் தேட மாட்டார்கள். ஓட்டோவில் போகிறவர் டப்பாவில் போட்டுக்கொண்டு போகலாம். மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சல் என்றால் பாதியோடு நிறுத்திக்கொண்டு மற்றப் பாதிக்கு இதைச் சாப்பிடலாம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் நோன்பு மாதத்தில் கஞ்சிக்குள் அரிசியைக் கொஞ்சம் குறைத்துப் பயறைக் கூட்டினால் ருசியும் கெடாது.

வயிறு ஊதும். ஆரம்பத்தில் வாயு வரும், அதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை. நாரைத் தின்னும் பக்டீரியா வாயுவையும் விடும். முதல் கிழமையே கோப்பை நிறையத் தொடங்கினால் நாலாம் நாளே கௌபிக்குக் கும்பிடு போட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, இரண்டு மூன்று கிழமையில் ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும். சிறுநீரக வருத்தம் இருப்பவர்களுக்குப் பயறு, கீரை எல்லாமே டொக்டரைக் கேட்டுத்தான், பொட்டாசியம் ஏறிவிடும்.

குரக்கனுக்கு ஊரில் இருக்கும் மரியாதை கொஞ்சம் அதிகப்படி. நார் உண்டு, கல்சியம் தாராளம், சரி. ஆனால் நூறு கிராம் மாவில் ஏறத்தாழ எழுபது கிராம் மாப்பொருளும் இருக்கிறது. மில்லில் பவுடராக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி மடக் மடக்கென்று குடித்தால் சீனி விறுவிறு என்று ஏறும். கொரகொரவென்று அரைத்து, தேங்காய்ப்பூ சேர்த்துப் பிட்டாக அவித்து, கீரையோடோ மீன் கறியோடோ அளவாகச் சாப்பிட்டால் நல்லது. "குரக்கன்தானே" என்று மூன்று குழல் சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழஞ்சோற்றுக்கு விஞ்ஞானம் உண்டு. சோறு ஆறும்போது மாப்பொருளின் ஒரு பகுதி இறுகி, நொதியத்துக்கு அகப்படாத வடிவத்துக்கு மாறுகிறது. அது நாரைப் போலவே பெருங்குடலுக்கு இறங்கும். 2015இல் கொழும்பில் இரசாயனம் படித்த ஓர் இளைஞரும் அவருடைய ஆசிரியரும், தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டுச் சமைத்து 12 மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்த சோற்றைப் பற்றி அமெரிக்க இரசாயனச் சங்கக் கூட்டத்தில் பேசி, உலகம் முழுவதும் செய்தியானார்கள். அதே ஆண்டு இந்தோனேசிய ஆய்வொன்று அளந்து பார்த்தது: புதுச் சோறு நூறு கிராமில் இந்த இறுகிய மாப்பொருள் 0.64 கிராம். 24 மணித்தியாலம் குளிரில் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று சொல்லும்போது பெரிதாகக் கேட்கிறது. கூடியது ஒரு கிராம். கௌபியின் ஆறரைக் கிராமுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் பழஞ்சோறு வைப்பதும் பிரிட்ஜில் அல்ல, மட்டக்களப்பு வெக்கையில். சோற்றுக்குள் வேகாமல் தப்பும் பசிலசு என்ற பக்டீரியாவின் வித்திகள் அந்த வெக்கையில் முளைத்து வாந்தி, வயிற்றோட்டம் தரக்கூடும். மிஞ்சிய சோற்றைச் சீக்கிரம் ஆற்றிப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிடுங்கள், அளவு மட்டும் அதே அளவு. "இது பழசு, சீனி ஏறாது" என்று இன்னொரு அகப்பை போட்டால் இலாபமெல்லாம் போச்சு.

மலத்தை அனுப்பும் கிட்டுக்கு ஒரு வரி போதும்: அது கொடுக்கும் வர்ணப் பட்டியலைப் பார்த்துச் சிகிச்சையை மாற்ற வழியில்லாதபோது காசைக் கரியாக்க வேண்டாம்.

மெட்ஃபோர்மினை ஒருவரும் சொல்லவில்லை என்றேன். அமெரிக்காவில் எல்லையில் நின்ற 3,234 பேரை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் திருத்தியவர்களுக்கு நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் எடுத்தவர்களுக்கு 31 வீதம். நமக்குக் கிட்டிய உடல்வாகுள்ளவர்களிடம் சென்னையில் செய்து 2006இல் வந்த ஆய்வில் இரண்டும் ஏறத்தாழச் சமம்: வாழ்க்கைமுறை 28.5 வீதம், மெட்ஃபோர்மின் 26.4. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் 28.2 தான், மேலதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தக் குளிசை ஈரலில் மட்டும் வேலை செய்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். குடலிலும் அதற்குப் பெரிய வேலை. இரத்தத்தில் அதிகம் சேராமல் குடலின் கீழ்ப்பகுதியில் கரையும்படி செய்த மெட்ஃபோர்மினும் சீனியை இறக்கியது. 2017இல், மெட்ஃபோர்மின் எடுத்தவர்களின் மலத்தை எலிகளுக்கு மாற்றியபோது எலிகளின் சீனிக் கட்டுப்பாடு திருந்தியது. ஆக, நுண்ணங்கியைத் திருத்தும் பொருள்களில் அதிகம் பரிசோதிக்கப்பட்டது எது என்று கேட்டால், அரச கிளினிக்கில் காசில்லாமல் கொடுக்கும் இந்தக் குளிசைதான். "மருந்து வேண்டாம், குடலைத் திருத்துகிறேன்" என்கிறவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். குறைகளும் உண்டு. ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு, நெடுநாள் எடுத்தால் பி12 குறைவு, சிறுநீரகம் நன்றாகக் கெட்டுப்போனவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

நான் மச்சானுக்குச் சொன்னது இந்த ஒழுங்கில்: முதலில் காலைச் சாப்பாட்டைக் கௌபி, பயறு, கடலை என்று மாற்று, தினமும் ஒரு கீரை வறை, பின்னேரம் நடை. தயிர் விருப்பமென்றால் சீனியில்லாமல் ஒரு சிறு கோப்பை. கப்சியூல் காசில் கொய்யாப்பழம் வாங்கு. குளிசையைப் பற்றி டொக்டரிடம் நீயாகவே கேள், ஏனென்றால் வெறுவயிற்றில் 110க்கு மேல், எச்பிஏ1சி 6க்கு மேல் நிற்கிறவர்களுக்கு மெட்ஃபோர்மினை யோசிக்கலாம் என்றுதான் வழிகாட்டல்களும் சொல்கின்றன. இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. கர்ப்பகாலத்தில் சீனி இருந்த பெண்களும் எடை மிக அதிகமுள்ளவர்களும் குளிசையை இன்னும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். 6.5ஐத் தொட்டு, இன்னொரு பரிசோதனையிலும் உறுதியாகிவிட்டால், அது எல்லையல்ல, வருத்தம். அப்போது கௌபி துணைக்கு மட்டும்தான்.

தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாக இனிப்புக் குளிசை போடலாமா என்றும் மச்சான் கேட்டார். 2022இல் 120 ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வில், சக்கரின், சுக்ரலோசு என்ற செயற்கை இனிப்புகள் இரண்டு கிழமைக்குள் குடல் நுண்ணங்கியை மாற்றி, குளுக்கோசைச் சமாளிக்கும் திறனைக் குறைத்தன. எடை குறைக்க இவற்றைப் பாவிக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பும் 2023இல் சொன்னது, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது என்ற குறிப்போடு. எல்லையில் நிற்கிறவர் கிழமைக்குக் கால் கரண்டி என்று சீனியையே குறைத்துக்கொண்டு போவது மேல். தடிமன் காய்ச்சலுக்கெல்லாம் அன்ரிபயோட்டிக் கேட்டு வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பலமான அன்ரிபயோட்டிக் மூன்றை நாலு நாள் எடுத்த 12 இளைஞர்களிடம், ஆறு மாதம் கழித்தும் ஒன்பது இனங்கள் திரும்பி வந்திருக்கவில்லை.

அடுத்த எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து. செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், அதற்கு முன் பார்த்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் சேர்ந்தே வரும். டொக்டர் மெட்ஃபோர்மின் எழுதினால், அதையும் கௌபியையும் ஒரே கிழமையில் தொடங்க வேண்டாம். இரண்டுமே ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், எதனால் என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்திவிடுவீர்கள். குளிசையைச் சாப்பாட்டோடு தொடங்கி, வயிறு பழகிய பிறகு கௌபியை ஏற்றலாம்.